எட்டு ஐம்பதுக்கு வருகிறவர்

நவம்பர் 11, திங்கள்

மழை 0.0. மொட்டைமாடியில் மழைமானிக்குள் ஈரம்கூட இல்லை. எட்டரைக்கு அளவெடுத்து, எட்டு நாற்பதுக்கு அதை வெப்சைட்டில் போட உட்கார்ந்தால், வெப்சைட்டைக் காணோம். வெள்ளைத் திரை, நடுவில் சுற்றுகிற வட்டம். அது சுற்றிச் சுற்றிக் களைத்துப்போய், இணைப்பு கிடைக்கவில்லை என்று கை விரித்துவிட்டது.

பழுது என்றால் எனக்குப் பயம் கிடையாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் பழுது பார்த்துத்தான் பென்ஷன் வாங்குகிறேன். மழைக்காலத்தில் பூமிக்கடியில் எந்த இடத்தில் கேபிள் நனைந்திருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னவன் இந்த கோமதிநாயகம். ஒரு வெப்சைட் எம்மாத்திரம்? இரண்டு நாளில் பிடித்துவிடுவேன். பழுது பார்க்கிறவன் முதலில் செய்ய வேண்டியது எழுதி வைப்பது. அதனால் இந்த நாட்குறிப்பு.

வெப்சைட்டின் பெயர் ‘அம்பை மழை’. பதினோரு வருடமாக அம்பாசமுத்திரத்தில் என் மாடியில் பெய்த மழை ஒரு நாள் விடாமல் அதில் இருக்கிறது. மகள் கல்யாணத்தன்றுகூட, மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் ஓடிவந்து 2.2 மி.மீ. என்று போட்டுவிட்டுப் போனேன். தினமும் பத்துப் பதினைந்து பேர் பார்க்கிறார்கள். வருகைக் கணக்கில் நேரம் மட்டும் விழும், பெயர் விழாது. ஒருவர் மட்டும் தவறாமல் காலை எட்டு ஐம்பதுக்கு வருவார். வருவார், பார்ப்பார், போய்விடுவார். யாராக இருந்தால் என்ன? எனக்கு வாசகர்கள் எல்லாரும் ஒன்றுதான்.

நேற்று நடந்ததையும் எழுத வேண்டும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெப்சைட்டின் பாஸ்வேர்டை மாற்றினேன். சாயங்காலம் உள்ளே போகப் பார்த்தால் ‘தவறு’ என்றது. நான் வைத்த பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதா? திரும்ப அடித்தேன். திரும்பவும் தவறு. அது பிடிவாதம் பிடித்தால் நானும் பிடிப்பேன். ஒரு முப்பது தடவை அடித்திருப்பேன். இன்றைய பழுதுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

மழை 0.0.

வீட்டு இணைப்பு நன்றாக இருக்கிறது. செய்தி வருகிறது, ரயில் டிக்கெட் பக்கம் வருகிறது. எதிரே தையல்கடை இசக்கி என் வைஃபையில்தான் காலையிலிருந்து பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறான். பாட்டு ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எனவே லைனில் குற்றமில்லை.

வைஃபை போட்டு ஐந்து வருடம் ஆகிறது. அதன் பாஸ்வேர்டு தெருவில் கேட்ட எல்லாருக்கும் கொடுத்திருக்கிறேன். தாகத்துக்குத் தண்ணீரும் அவசரத்துக்கு போனும் இல்லையென்று சொல்லக் கூடாது என்பது எங்கள் எக்ஸ்சேஞ்ச் ஆட்களின் கொள்கை.

என் மனைவி பிரமு வெங்காயம் உரித்துக்கொண்டே, “அந்த மோடத்தை ஒருக்கா அணைச்சுப் போட்டுப் பாருங்களேன். எங்க அக்கா வீட்டுல அப்படித்தான் செய்யுதாங்க” என்றாள்.

அணைத்துப் போடுவதா! அது பழுது பார்ப்பது ஆகுமா? அது பழுதைத் தூங்கவைப்பது. எக்ஸ்சேஞ்சில் புயலடித்தபோதுகூட நாங்கள் மெஷினை அணைத்ததில்லை. ஐந்து வருடமாக இந்த மோடம் ஒரு நிமிடம் அணைந்ததில்லை. பேட்டரி வைத்துக் காப்பாற்றி வருகிறேன். இதையெல்லாம் அவளிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்காமலே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெப்சைட்டை வைத்திருக்கிற கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். கொஞ்சம் காரமாகவே எழுதினேன்.

நவம்பர் 13, புதன்

மழை 1.8. தூறல்.

கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. “எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது. உங்கள் வெப்சைட் திறக்கிறது.”

சிரித்துவிட்டேன். இந்த வசனத்தை முப்பத்தோரு வருடம் நான் பொதுமக்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ‘எங்க சைடு ஓகே சார்’ என்றால், ‘டீ குடிக்கப் போகிறேன், அப்புறம் பேசு’ என்று அர்த்தம். என்னிடமேவா?

சும்மா வாயால் சொன்னால் போதாது, ஆதாரம் வேண்டும் என்று ஐந்து இடத்தில் சோதனை செய்தேன். ஒன்று, என் கம்ப்யூட்டர். இரண்டு, பிரமுவின் போன். (வீட்டில் வைஃபை இருக்கும்போது தண்டமாக எதற்கு என்று அதில் நெட் பேக் நான் போடுவதில்லை. என்னுடையது பட்டன் போன். அதில் பேசலாம், அவ்வளவுதான்.) மூன்று, மாடியில் குடியிருக்கும் சாந்தா டீச்சரின் போன். நான்கு, இசக்கி போன். ஐந்து, அடுத்த வீட்டு ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர். எதிலும் திறக்கவில்லை.

இசக்கி தைத்துக்கொண்டிருந்த பிளவுஸை நிறுத்திவிட்டு மூன்று தடவை முயன்றான். “இல்ல அண்ணாச்சி, சுத்திக்கிட்டே கெடக்கு. ஆனா பாட்டு நல்லா வருது” என்றான்.

ஐந்து வேறு வேறு ஆட்கள், ஐந்து வேறு வேறு கருவிகள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? குற்றம் கம்பெனியுடையதுதான். இரண்டாம் கடிதம் அனுப்பினேன். முதலாவதைவிடக் காரம்.

நவம்பர் 14, வியாழன்

மழை 6.2. திறக்கவில்லை. எட்டு நாற்பதிலிருந்து ஒன்பது மணி வரை கம்ப்யூட்டர் முன்னாலேயே இருந்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

மழை 0.0.

கம்பெனி மறுபடியும் அதே பாட்டு. “இங்கே திறக்கிறது. வேறு ஒரு இணைப்பிலிருந்து பார்த்தீர்களா?” பார்த்தேனா என்றா கேட்கிறாய்? ஐந்து இடத்தில் பார்த்தேன் ஐயா.

மத்தியானம் ரசத்தோடு எழுந்துவிட்டேன். பிரமு பிடித்துக்கொண்டாள்.

“எல்லா மழையும் நோட்டுல எழுதித்தானே வச்சிருக்கீங்க? ஒண்ணும் அழிஞ்சு போகலயே. அப்புறம் ஏன் சோறு இறங்க மாட்டேங்கு?”

“பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்லா. நாலு பேரு தெனமும் பாக்காங்க.”

“நாலு பேரா, ஒரு ஆளா?” என்றாள். நான் கை கழுவப் போனேன். “கல்லிடைக்கு ஒரு போன் போட்டு ஆவுடையப்பன் அண்ணாச்சிட்ட கேளுங்க, அவுக போன்ல வருதான்னு. வாய் முத்தா உதிர்ந்துரும்?”

ஊரில் வேறு ஆளே இல்லையா?

விஷயம் இதுதான். எழுதிவைத்துவிடுகிறேன், நியாயம் யார் பக்கம் என்று படிக்கிறவர்கள் சொல்லட்டும். ஆவுடையப்பன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறார். அணைக்கட்டில் இருபத்தெட்டு வருடம் மழை அளந்தவர். இருபது வருட சிநேகம். தினமும் பாலத்தைத் தாண்டி வந்து பிரமு கையால் காப்பி குடித்துவிட்டுப் போவார். எனக்கு இந்த மழைமானியை வாங்கித் தந்ததே அவர்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் ஐப்பசி இருபத்திரண்டாம் தேதி பெருமழை. என் மானியில் 187.0. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர் மானியில் 112.4. மறுநாள் வந்தவர், இசக்கி, சாந்தா டீச்சர் எல்லாரும் நிற்கும்போது, “உம்ம மானியில விழுந்தது மழை மட்டும் இல்ல வே” என்றார்.

நாலு பேர் முன்னால் சொன்னார். நான் நாலு பேர் முன்னால் பதில் சொன்னேன். அன்றைய பக்கத்தில், 187.0 என்பதற்குக் கீழே, “இந்த அளவைச் சந்தேகிக்கிறவர்கள் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வரவும்” என்று போட்டேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் வரவில்லை.

அந்த மாதம்தான் அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. போடும்போது எனக்கு அது ஞாபகம் இல்லை. ஞாபகம் இருந்தது என்று பிரமு சொல்கிறாள்.

நவம்பர் 16, சனி

கார்த்திகை பிறந்துவிட்டது. மழை பெய்யவில்லை. மானியில் 9.0.

வானம் நட்சத்திரத்தோடு விடிந்தது, தெரு காய்ந்து கிடக்கிறது, மானியில் மட்டும் தண்ணீர். மேலே நின்று யோசித்தேன். விடிகாலையில் பிரமு மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிட்டாள். டேங்க் நிரம்பி, வழிகிற குழாயிலிருந்து கொட்டியிருக்கிறது. குழாய்க்கும் மானிக்கும் நடுவே இரண்டு முழம் இருக்கும். காற்று வடக்கேயிருந்து அடித்திருக்கிறது.

இதெல்லாம் எப்போதாவது நடக்கிறதுதான். இன்றைய அளவை 0.0 என்று நோட்டில் எழுதினேன்.

அந்த ஐப்பசி ராத்திரியில் கரண்ட் போய்ப் போய் வந்தது. மோட்டார் சுவிட்சை யாரும் அணைத்த மாதிரி ஞாபகம் இல்லை. காலையில் மோட்டார் சூடாக இருந்தது என்று பிரமு சொன்னாள். ஆனால் ஆறு வருடத்துக்கு முந்தைய மோட்டார் சூட்டை இப்போது யார் அளப்பது?

நவம்பர் 17, ஞாயிறு

மழை 0.0.

ஒரு சோதனை செய்தேன். மோட்டாரை ஓடவிட்டு, டேங்க்கை ஒரு மணி நேரம் வழியவைத்து மானியைப் பார்த்தேன். அளவுக் குவளை இரண்டு தடவை நிரம்பியது. காற்று நேற்றைவிடக் குறைவு. இதை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது.

மானியைத் தூக்கி வடக்கு மூலையில் வைத்தேன். சும்மாதான்.

இசக்கி கீழேயிருந்து, “என்ன அண்ணாச்சி, வெயில்ல நின்னு மழை அளக்கீங்க?” என்று கேட்டான். அவனுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து கேள்வி.

நவம்பர் 18, திங்கள்

மழை 0.4.

எட்டு நாள் ஆகிவிட்டது. இரண்டு நாளில் பிடித்துவிடுவேன் என்று முதல் நாள் எழுதியிருப்பதை இன்று படித்தேன். அடித்துத் திருத்தவில்லை, எழுதினது எழுதினதுதான்.

எனக்கு ஒரு யோசனை வந்துகொண்டே இருக்கிறது. எட்டு ஐம்பதுக்கு வருகிறவர் தினமும் வந்து கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார். எத்தனை நாள் வருவார்? ஆறு வருடப் பழக்கம் எட்டு நாளில் விட்டுப்போய்விடாதா? நான் வேண்டுமென்றே சாத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டால்? அவர் முகத்தைப் பார்க்காமல் ஆறு வருடம் இருந்துவிட்டேன். அவர் வந்துபோனார் என்கிற அந்த ஒரு வரி இல்லாமல் எட்டு நாள் இருக்க முடியவில்லை. இதை யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

பழுதைப் பிடித்துவிடுவேன். அதில் சந்தேகம் இல்லை.

சாயங்காலம் மேற்கே மலை கறுத்து இறங்கியது. ஆறு மணிக்குப் பிடித்த மழை, இதை எழுதுகிறவரை விடவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

மழை 64.2.

பத்து மணி இருக்கும். மழை தூறலாகிவிட்டது. கேட் சத்தம் கேட்டு பிரமு போனாள். போனவள் குரல் கொடுக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு ஆவுடையப்பன். நரைத்துவிட்டார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது.

“அவரு... நல்லா இருக்காரா?” என்று பிரமுவிடம் மெதுவாகக் கேட்டார்.

“எனக்கு என்ன வே? கல்லு மாதிரி இருக்கேன்” என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன்.

அவர் குடையை மடக்கினார். மடக்குகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கோபம் வந்துவிட்டது அவருக்கு.

“ஒம்பது நாளா ஒண்ணும் போடலயே வே! ஒரு நாள் விடாத ஆளு. முதல்ல மேலுக்கு முடியலபோலன்னு நெனச்சேன். நேத்து இம்புட்டு மழை ஊத்தியிருக்கு, இன்னைக்கும் போடலன்னா என்ன அர்த்தம்? ஆளு படுத்துட்டாருன்னு நெனச்சு, குடிச்ச காப்பியைப் பாதில வச்சிட்டு ஓடியாரேன்.”

“எப்படிப் போட? வெப்சைட்டே திறக்கல. கம்பெனிக்காரன் கெடுத்து வச்சிருக்கான்.”

“எவன் சொன்னான்? காலைல எட்டு அம்பதுக்குக்கூட பாத்தேம்லா.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பேச்சை மாற்றுகிறவர்போல அவசரமாக என் கையில் திணித்தார். ‘அம்பை மழை’ திறந்திருந்தது. நவம்பர் 10, 3.4 மி.மீ. நான் போட்டது போட்டபடி இருந்தது.

“இது எந்த வைஃபை?” என்றேன்.

“எனக்கு ஏது வே வைஃபை? சிம்முல வார நெட்டுதான். உம்ம வீட்டு வைஃபை எனக்கு யாரு தந்தா?”

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கம்ப்யூட்டர், பிரமு, டீச்சர், இசக்கி, ஜெராக்ஸ் கடை. ஐந்தும் என் வைஃபை. ஒரே கிணற்றில் ஐந்து வாளியைப் போட்டு இறைத்துவிட்டு, ஐந்து கிணற்றிலும் உப்புத் தண்ணீர் என்று எழுதிவைத்திருக்கிறேன். முப்பது தடவை தப்புப் பாஸ்வேர்டு அடித்ததும், எவனோ திருடன் என்று என் லைனுக்கு மட்டும் கம்பெனி மெஷின் கதவைச் சாத்தியிருக்கிறது. நான் விடாமல் தட்டத் தட்ட, அதுவும் விடாமல் சாத்தியிருக்கிறது. உலகத்துக்கெல்லாம் திறந்துதான் கிடந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தவர்களில் என் வைஃபை இல்லாத ஒரே போன் இந்த மனுஷனுடையது.

சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? ஆவுடையப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“முப்பத்தோரு வருஷம் எக்ஸ்சேஞ்சுல என்ன வே செஞ்சீரு?”

“டீ குடிச்சேன்” என்றேன்.

விடுபட்ட ஒன்பது நாளையும் அவர் போனிலேயே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தோம். புதுப் பாஸ்வேர்டுக்குத் திண்டாடினேன். பிரமு காலண்டரைத் திருப்பிக் காட்டினாள். “அன்னைக்கு நீங்க சொல்லச் சொல்ல நான்தானே எழுதினேன். பாஸ்வேர்டுதான் பிரச்சினைன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?” என்றாள். நான் அடித்த முப்பதும் பழையது.

நான் நோட்டைப் பார்த்துச் சொல்ல, அவர் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அடித்தார். இன்றைய 64.2-ல் கை நின்றது.

“எனக்கு 62.8. பக்கத்துல பக்கத்துல வந்திருக்கே” என்று என்னைப் பார்த்தார். “மானியை இடம் மாத்தினீரா?”

இருபத்தெட்டு வருடம் அளந்த ஆளிடம் எதை மறைப்பது?

“வடக்கு மூலைக்கு மாத்திட்டேன். அங்கன டேங்க் தண்ணி தெறிக்காது.” அப்புறம் கேட்டேன், “அந்த ஐப்பசி இருபத்திரண்டைத் திறயும்.”

“எதுக்கு வே, பழசை?”

“திறயும்ங்கேன்.”

திறந்தார். தேட வேண்டியிருக்கவில்லை, எங்கே இருக்கிறது என்று அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. 187.0. அதற்குக் கீழே கண் ஆஸ்பத்திரி. ஆறு வருடமாக அது அங்கேயே இருந்திருக்கிறது, அவரும் தினமும் அந்த வாசல் வழியாக வந்துபோயிருக்கிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டையும் அழித்து 112.4 என்று போடும்படி சொன்னேன். தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடும் என்றும் சொன்னேன்.

அவர் கண் ஆஸ்பத்திரி வரியை மட்டும் அழித்தார். எண்ணில் கை வைக்கவில்லை.

“அளந்ததை அழிக்கப்படாது வே. அணைக்கட்டுல நாங்க ஒரு எண்ணைக்கூட அழிச்சதில்ல. தப்புன்னா கீழ எழுதணும், அம்புட்டுதான்.”

அவரே அடித்தார்: “டேங்க் வழிந்த நாள். கல்லிடைக்குறிச்சியில் 112.4.”

பிரமு காப்பி கொண்டுவந்தாள். இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார். வைஃபை பாஸ்வேர்டு கேட்டார். இன்றைக்கு வேண்டாம், என் லைனில் சேர்ந்தால் உமக்கும் கதவு சாத்திவிடும் என்றேன். பாலம் வரை கூடப் போய்விட்டு வந்தேன்.

நவம்பர் 20, புதன்

மழை 11.6. என் கம்ப்யூட்டரிலேயே திறந்தது, நானே போட்டேன்.

நேற்று நான் பாலத்துக்குப் போயிருந்த நேரத்தில் இடி இடித்திருக்கிறது. பிரமு பயந்துபோய் மோடத்தைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றி வைத்துவிட்டாள். திரும்பப் போட்டதும் லைனுக்குப் புது முகவரி கிடைத்துவிட்டது; கம்பெனி மெஷின் கதவைச் சாத்தியிருந்தது பழைய முகவரிக்குத்தான், எனவே எல்லாம் சரி. அணைத்துப் போட்டதால் சரியானது என்று தெருவில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இசக்கிக்குத் தெரிந்துவிட்டது.

கம்பெனிக்கு மூன்றாவது கடிதம் எழுதினேன். அதில் காரம் இல்லை.

ஒன்பது மணிக்கு வருகைக் கணக்கைப் பார்த்தேன். இன்று எட்டு ஐம்பதுக்கு யாரும் வரவில்லை. எட்டரைக்கே வந்து, மாடியில் என் கையிலிருந்த குவளையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, 11.6 சரிதான் என்று சொல்லிவிட்டு, கீழே பிரமுவிடம் காப்பிக்குச் சர்க்கரை பத்தாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.